சிலுப்பாத கிடா

எனக்கு மஞ்சக்காமாலை வந்த வருடம் எங்கள் வீட்டில் இரண்டு ஜீவன்களுக்குத் தனிக் கவனிப்பு நடந்தது. ஒன்று நான். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கி, மூக்கைப் பிடித்து ஊற்றினார்கள். இன்னொன்று, நான் பிழைத்தால் காட்டுக்கோயில் சாமிக்கு வெட்டுவதாக அம்மா நேர்ந்துகொண்ட கிடாக்குட்டி. அதற்கு அகத்திக்கீரையும் கடலைப் புண்ணாக்கும் கிடைத்தன. கவனிப்பை வைத்துப் பார்த்தால், பிழைக்க வேண்டியது அதுதான் என்று வெளியாள் நினைத்திருப்பான்.

நான் தேறினேன். குட்டியும் கொம்பு முளைத்து, தாடி விட்டு, எங்கள் கணக்கு வாத்தியாரைப் போல எல்லோரையும் அரைக்கண்ணால் பார்க்க ஆரம்பித்தது. அதற்குப் பெயர் வைக்கவேண்டுமென்று கேட்டேன். அம்மா சோறு வடிப்பதை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "வெட்டப்போறதுக்கு யாராச்சும் பேரு வைப்பாங்களாடி? பேரு வச்சா வெட்டமுடியாது."

அதனால் "ஏய்" என்று கூப்பிட்டேன். அதுவும் அதையே தன் பெயராக ஏற்றுக்கொண்டது. இதில் ஒரு சிக்கல் இருந்தது. அப்பா அம்மாவையும் அப்படித்தான் கூப்பிடுவார். அவர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே "ஏய்" என்றால் அடுப்படியிலிருந்து அம்மாவும் கொட்டிலிலிருந்து கிடாவும் ஒரே நேரத்தில் திரும்புவார்கள்.

தாய்மாமன் வந்தால் கிடாவின் விலாவைத் தட்டிப் பார்ப்பார். "மருமகளே, ஒன் ஈரலு கெட்டுப்போச்சுல்ல, அதுக்கு ஈடாத்தான் சாமிக்கு இதோட ஈரலு. மிச்சம் மாமனுக்கு" என்று சிரிப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டு, கொட்டிலுக்குப் போய் அதன் விலாவில் காதை வைத்துக் கேட்பேன். உள்ளே எதுவோ மெதுவாக அரைபட்டுக்கொண்டிருக்கும்.

எங்கள் சாமி இருந்தது அரிமளத்துக்குத் தெற்கே, தைலமரக்காட்டுக்குள். தைலமரத்துக்குக் கீழே புல் முளைக்காது, மேலே பறவை கூடு கட்டாது. நேர்நேராக நட்ட மரங்கள் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி போய்க்கொண்டே இருக்கும். நடுவில் கூரையில்லாத கோயில். அதன் முன்னால் மண்குதிரைகள், பாதிக்கு மேல் தலையில்லாதவை. தலை உள்ளவற்றுக்கு வருடாவருடம் கண் மட்டும் புதிதாக எழுதுவார்கள். அதனால் உடம்பெல்லாம் பொரிந்து கண் மட்டும் பளபளவென்று நம்மையே பார்க்கும்.

கிடாவை வெட்டுமுன் அதன் சம்மதத்தைக் கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம். வெளியூரில் இதைச் சொன்னால் நான் வழக்கம்போல் ஏதோ அளக்கிறேன் என்று நினைக்கிறார்கள். கிடாவுக்கு மாலை போட்டு, தலையிலும் முதுகிலும் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலுப்பினால் உத்தரவு கிடைத்துவிட்டது என்று பொருள். பெண்கள் குலவை போடுவார்கள். குலவை அடங்குவதற்குள் தலை தனியாகக் கிடக்கும். சிலுப்பாவிட்டால் வெட்டக்கூடாது. எனக்கு நடந்த பல நல்லது கெட்டதுகளில், கல்யாணம் உட்பட, இந்த அளவுக்குக்கூட யாரும் என்னைக் கேட்டதில்லை.

அன்று உச்சிவெயில். பூசாரி ஒரு சொம்பு ஊற்றினார். கிடா நின்றது. இன்னொரு சொம்பு. தாடியிலிருந்து சொட்டியதே தவிர உடம்பில் அசைவில்லை. காதில் ஊற்றினார்கள். முதுகுத்தண்டில் தாரையாக விட்டார்கள். கயிற்றைப் பிடித்திருந்த மாமா, "சிலுப்புடா ராசா, கொழம்புக்கு அரைச்சாச்சு" என்றார். யாரும் சிரிக்கவில்லை. குடம் காலியாகி, கிணற்றிலிருந்து வேறு குடம் வந்தது. கிடா இமைக்கக்கூட இல்லை. ஈரத்தில் உடம்பு கறுத்து, கண் மட்டும் மின்ன, மண்குதிரைகளின் வரிசையில் அதுவும் ஒன்றாகிவிட்டதுபோல் நின்றது. காற்று நின்றிருந்தது. அத்தனை மரங்களில் ஓர் இலைகூட உரசவில்லை.

பின்னால் முணுமுணுப்பு தொடங்கியது. யார் தீட்டோடு வந்தது? நேர்ந்ததில் என்ன குறை? அப்புறம் அதுவும் அடங்கியது. சாமி ஈட்டை ஏற்காவிட்டால், கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் என்பது எல்லோருக்கும் தெரியும். கொடுக்கப்பட்டது நான். ஒவ்வொருவராக என்னைப் பார்த்தார்கள். காமாலை வந்தபோது கண்ணைக் கீழே இழுத்துப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. எனக்கு அது ஏதோ மரியாதை என்று பட்டது. கொஞ்சம் நிமிர்ந்து நின்றேன்.

"யாருக்கு நேந்ததோ, அவங்க கையால ஊத்தட்டும். புள்ளைய இங்கிட்டு விடுங்க" என்றார் பூசாரி.

சொம்பைக் கையில் கொடுத்தார்கள். நான் கிட்டே போனதும் கிடாவுக்கு உயிர் வந்தது. அதன் அனுபவத்தில் நான் கையில் எதையாவது எடுத்துக்கொண்டு வந்தால் அது புண்ணாக்குத்தான். மூஞ்சியைத் தூக்கிச் சொம்பை ஒரு முட்டு முட்டியது. கிணற்றுத் தண்ணீர் மொத்தமும் என் உச்சந்தலையில் கவிழ்ந்தது.

நான் சிலுப்பினேன். தலை, தோள், முதுகு, முழங்கால் என்று எல்லாம் தானாக உதறின.

பின்வரிசையில் கண் மங்கிய பெரியம்மா ஒருவர் இருந்தார். சலசலப்பைக் கேட்டு, உத்தரவு வந்துவிட்டது என்று குலவையை எடுத்தார். பழக்கத்தில் மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். காடு முழுக்கக் குலவை. பூசாரியின் கையும் பழக்கப்பட்ட கைதான். அரிவாள் தோளுக்கு மேலே போய்விட்டது. அவர் ஓர் எட்டு முன்னால் வைத்தார். அவருக்கு எதிரே நான் நின்றேன்.

குலவை ஒவ்வொரு வாயாக நின்றது. பெரியம்மாவுடையது கடைசியாக. அரிவாள் அங்கேயே நின்றது.

அம்மா ஓடிவந்து என்னை இழுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டு கத்தினாள். "குளுந்த தண்ணி மேல பட்டா எந்த உசுருங்க சிலுப்பாது? எந்த உசுரு சிலுப்பாதுன்னு கேக்குறேன்!"

அவள் சொன்னது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் அந்த இடத்தில் அதை ஒருவர் வாய்விட்டுச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

"ஏய்" என்று அதட்டினார் அப்பா.

கிடா மட்டும் திரும்பிப் பார்த்தது. அம்மா திரும்பவில்லை.

பூசாரி அரிவாளை மெதுவாக இறக்கி, கல்லின்மேல் வைத்தார். தன்னைக் கேட்காமல் கை எங்கே போனது என்பதுபோல உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல், "உத்தரவு இல்லீங்க. அவுத்து விடுங்க. கோயில் கிடாவாத் திரியட்டும்" என்றார்.

மாமா கயிற்றை அவிழ்த்தார். அப்போதுதான் அது நடந்தது. கழுத்து லேசானதும் கிடா நான்கு கால்களையும் அகட்டி நின்று, கொம்பிலிருந்து வால்வரை சிலுப்பியது. அவசரமில்லாமல், சடசடவென்று. மாலை அறுந்து பறந்தது. துளிகள் மண்குதிரையின் வயிற்றில் புள்ளி புள்ளியாகப் பதிந்தன. அந்தக் கோயிலில் அதைவிடத் தெளிவான உத்தரவை எந்தக் கிடாவும் கொடுத்திருக்காது.

நான் அம்மாவிடமிருந்து திமிறி ஓடி அதன் முன்னால் நின்று, பாவாடையை இரு கைகளாலும் விரித்துப் பிடித்தேன். நான் அப்போது கிடாவைவிட ஒல்லி. இருந்தாலும் மறைத்துவிட்டேன் என்றே நம்பினேன். ஒருவர்கூடப் பார்க்கவில்லையே! பூசாரி விபூதித் தட்டில் ஏதோ தூசி எடுத்துக்கொண்டிருந்தார். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாமா அடுப்புப் பக்கம் திரும்பி, "கத்திரிக்கா எவ்வளவு இருக்கு?" என்று உரக்கக் கேட்டார். பெரியம்மா சத்தம் கேட்டுக் குலவைக்கு வாயெடுத்தார், பக்கத்திலிருந்தவர் அவர் வாயைப் பொத்தினார். பாவம், இருமல்போல என்று நினைத்தேன். ஓர் ஊரையே ஏமாற்றிய சாமர்த்தியத்தைப் பள்ளிக்கூடத்தில் பல மாதம் சொல்லித் திரிந்தேன்.

கிடா தைலமரங்களுக்கு நடுவே நடந்து போனது. அம்மா வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். கிடாவையும் பார்க்கவில்லை, சாமியையும் பார்க்கவில்லை. மரங்களின் உச்சியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கே ஒரு காக்கைகூட இல்லை. அவள் கை நடுங்கியது. நனைந்தது நானும் கிடாவும்தானே, இவளுக்கு எதற்கு இப்படி நடுங்குகிறது என்று எனக்கு விளங்கவே இல்லை.