சித்தேரி ஏற்றத்தில் பாடிய பதிகம்

அறுபதைக் கடந்த பின்னும், வாசலில் வண்டி கிளம்பும் ஓசை கேட்டால் எனக்கு இருப்புக்கொள்வதில்லை. பாடல் பெற்ற தலங்களைத் தேடி மகனோடு சாலை வழியே அலைவதுதான் என் வழிபாடு. ரயிலில் போகலாமே என்பார்கள். ரயில் நாம் விரும்பிய இடத்தில் நிற்பதில்லை. இந்தப் பித்து அப்பாவிடமிருந்து எனக்கு வந்தது.

அதியமான்கோட்டையில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. ஒரு வருடம் நிலக்கடலை நன்றாக விளைந்துவிட, அப்பா பழைய கார் ஒன்றை வாங்கிவிட்டார். முடிவு தெரியாத சாலை எதைக் கண்டாலும் அதற்குள் வண்டியைத் திருப்புவார். பென்னாகரத்துக் காட்டுவழிகளை அப்படித்தான் பார்த்தோம். சித்தேரி மலைக்குச் சாலை போட்டிருக்கிறார்கள் என்று யாரோ சொன்ன பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போது நான் எட்டு வயதுச் சிறுமி. நானும் அம்மாவும் பின் இருக்கையில் இருந்தோம். ஏற்றம் செங்குத்தாகிய ஒரு வளைவில் இன்ஜின் இருமி நின்றது. அப்பா பிரேக்கை மிதித்தார். வண்டி நின்றது; பிறகு யாரோ பின்னாலிருந்து மெல்ல இழுப்பதுபோல் ஒரு சாண் நகர்ந்தது. மீண்டும் மிதித்தார்; மீண்டும் நகர்ந்தது. கை பிரேக் பெயருக்குத்தான் இருந்தது. அப்பாவின் பிடரியில் வியர்வை வழிவதைப் பார்த்தேன். மலைக்காற்று குளிர்ந்துதான் இருந்தது.

எங்களை இறங்கச் சொன்னார். இடப்பக்கக் கதவு பாறையில் இடித்துத் திறக்கவில்லை. வலப்பக்கம் திறந்தால் ஒரு முழம் மண்; அதற்கப்பால், என் காலுக்குக் கீழே, மரங்களின் உச்சிகள்.

அம்மா அசையவில்லை. "மொதல்ல நீங்க எறங்குங்க" என்றாள்.

"நான் எறங்குனா வண்டியும் எறங்கும். புள்ளயக் கூட்டிக்கிட்டுப் போ."

வண்டியின் உடம்பைத் தடவியபடியே பின்பக்கம் வந்தோம். அம்மா ஒரு கையால் என்னைப் பற்றிக்கொண்டு, மறு கையால் கல்லொன்றைப் புரட்டிச் சக்கரத்துக்கு அண்டை கொடுத்தாள். சக்கரம் அதை நசுக்கி ஒதுக்கிவிட்டு மேலும் ஒரு சாண் எங்களை நோக்கி வந்தது. முன்பக்கம் சாலை விளிம்பு சரிந்திருந்ததால் அங்கே போக வழியில்லை. பின்னால் நின்றால் வண்டி எங்கள் மேல் வரும். பாறை முடிந்த இடத்தில், மண்சரிவின் மேல் ஆடு மேய்ப்பவர்கள் ஏறிய தடம் ஒன்று புதருக்குள் போயிற்று.

அப்பாவின் குரல் வந்தது. அவர் தலையைத் திருப்பவில்லை. "சாமி, வூட்ல பாடுவியே, அந்தப் பதிகத்தப் பாடிக்கிட்டே அந்த மேட்டுல ஏறு. எனக்குக் கேக்கணும். நிறுத்தாத."

எனக்கு வியப்பு. கோயிலுக்குப் போனால் வண்டிக்குக் காவல் என்று சொல்லி வாசலிலேயே நின்றுவிடும் மனிதர் அவர். நான் பாடினேன். முள் கிழிக்க, மண் சரிய, அபயம் என்று திருவடியைப் பற்றும் அந்த வரிகளைப் பாடிக்கொண்டே ஏறினேன். அம்மா பின்னாலிருந்து என்னைத் தள்ளினாள். புதர் மறைத்ததால் வண்டி தெரியவில்லை. சக்கரத்தின் கீழ் சரளை நொறுங்கும் ஓசை மட்டும் கேட்டது. அந்த ஓசை நின்றால் வண்டி பள்ளத்தில் விழுந்துவிட்டது என்று அர்த்தமாகிவிடுமோ என்ற பயத்தில் இன்னும் உரக்கப் பாடினேன்.

மேட்டின் உச்சியை அடைந்து நான்காம் பாட்டின் நடுவில் இருந்தேன். கீழே வண்டி உருளும் சத்தம். உடனே மலையே அதிர்ந்தாற்போல் ஒரு மோதல். அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

எட்டிப் பார்த்தேன். காரின் பின்பாதி நாங்கள் ஏறி வந்த மண்சரிவுக்குள் புதைந்து நின்றது. அப்பா கதவைத் திறந்து இறங்கினார்; இரண்டடி நடந்து சாலை நடுவில் உட்கார்ந்தார். வலக்கால் தனியாக நடுங்கிக்கொண்டே இருந்தது. அம்மா ஓடிப்போய் அதை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

எனக்குக் கோபம். பாடச் சொன்னவர் முடியும்வரை காத்திருக்கவில்லையே. அதைச் சொல்லி அழுதேன். அவர் என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, "கேட்டதே போதும் சாமி" என்றார்.

ஊருக்குத் திரும்பியதும் அப்பாவுக்குப் பக்தி வந்துவிட்டது என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். அரைகுறைப் பக்தி, நான்கு பாட்டுக்கு மேல் தாங்கவில்லை என்றும் சேர்த்துக்கொண்டேன். புதருக்குப் பின்னால் எங்களைக் காணமுடியாத அவர், என் குரல் சக்கரத்தின் பின்னாலிருந்து விலகித் தம் தலைக்கு மேலே ஏறும்வரை பிரேக்கிலிருந்து அந்தக் காலை எடுக்காமல் இருந்தார் என்பது அந்தச் சிறுமிக்குத் தெரியவில்லை.