ஒரே தடவை அழுத்தாத அக்கா

குரோம்பேட்டையில் என் முதல் அலுவலகத்தில், மென்பொருளைச் சோதிக்கும் அக்கா ஒருவர் இருந்தார். காதோரம் நரை, கழுத்தில் சின்னச் சிலுவை. எந்தப் பட்டனையும் ஒரே தடவை அழுத்தமாட்டார். கதவைத் தட்டுவதுபோல் தட்டிக்கொண்டே இருப்பார்.

கடைகளுக்காக நான் எழுதிய பில் புரோகிராம் அவரிடம் போனது. எங்கள் வீட்டில் படித்து வேலைக்கு வந்த முதல் ஆள் நான். அந்த வேலை நிரந்தரமாவது அவருடைய ரிப்போர்ட்டைப் பொறுத்து இருந்தது.

‘பிரிண்ட்’ பட்டனைத் தட்டினார். திரை உறைந்து நின்றது. பிறகு ஒரே பில் எட்டு தடவை வந்தது.

“இப்படித் தட்டினா எப்படிக்கா? ஒவ்வொரு தட்டும் மெசேஜா வரிசையில நிக்கும். முதல் பில் முடிஞ்சதும், என் புரோகிராமுக்கு அடியில ஓடுற ஃப்ரேம்வொர்க் அடுத்த மெசேஜை எடுத்து, ‘பட்டனைத் தட்டிட்டாங்க’ன்னு சொல்லி என் புரோகிராமை மறுபடியும் கூப்பிடும்.”

“இவ்ளோ தெரிஞ்சுமா தம்பி பட்டனைத் திறந்து வெச்சிருக்க? கடைக்காரர் என்ன, ஒரு தட்டு தட்டிட்டு கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பாரா?”

பில் அடிக்கும் வேலையைப் பின்னணியில் ஓடவிட்டு, அது முடியும்வரை தட்டினாலும் ஏற்காதபடி பட்டனை மூடிவைத்தேன். மறுபடியும் தட்டோ தட்டென்று தட்டினார். ஒரே ஒரு பில் வந்தது.

ரிப்போர்ட்டில் ‘குறை இல்லை’ என்று மட்டும் எழுதினார். வேலை நிரந்தரமானது. என் தவறை ஏன் எழுதாமல் விட்டீர்கள் என்று அவரிடம் கேட்க இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை.