சிங்கப்பூரைப் பற்றி இரண்டு வார்த்தை

ஞாயிறு ஆராதனை முடியப்போகும் நேரம். எங்கள் சபையின் செக்ரட்டரி மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு ஸ்தோத்திரக் காணிக்கைகளை வாசித்துக்கொண்டிருந்தார். பேரன் பிறந்ததற்கு ஒன்று, பித்தப்பைக் கல் எடுத்ததற்கு ஒன்று. அடுத்ததாக, “சிங்கப்பூரிலிருந்து பத்திரமாய் வந்துசேர்ந்த நமது சகோதரிக்காக அவருடைய குடும்பத்தார்” என்றார். யாரப்பா அந்தச் சிங்கப்பூர்க்காரி, பார்ப்போமே என்று நானும் கழுத்தைத் திருப்பிப் பெண்கள் பக்கம் முழுக்கத் தேடினேன். எல்லாரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சிங்கப்பூரை நான் ஆகாயத்திலிருந்துகூடப் பார்த்ததில்லை. ஆறு வருடமாய் இருப்பது தாய்லாந்தில், பட்டாயாவில். கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், இந்தியாவிலிருந்து வரும் டூர் கூட்டங்களுக்குச் சாப்பாடு போடும் ஓட்டலில் அடுக்களை என் பொறுப்பு. அதற்கு முன்பு இங்கே கேரளத்தில், நெய்யாற்றின்கரையில் ஒரு ஹாஸ்டல் மெஸ்ஸில் சமைத்துக்கொண்டிருந்தேன். இடையில் ஒருமுறை லீவுக்கு வந்தபோதும் இதே சர்ச்சில் பட்டாயாக்காரியாய்த்தான் உட்கார்ந்தேன். இப்போது எப்படி ஊர் மாறியது?

ஆண்கள் பக்கம் திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். மனுஷன் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டு புரட்டென்று புரட்டினார். பக்கத்திலிருந்த மகள் என் தொடையைக் கிள்ளினாள். “அம்மா, சும்மா இரி.”

வெளியே வந்ததும் பெண்கள் சங்கத் தலைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். “வாற சனிக்கிழமை நம்ம கூட்டத்துல நீ சிங்கப்பூரைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசணும், கேட்டியா? ரோட்டுல துப்பினா ஃபைன் போடுவாவளாமே, அதையொக்கச் சொல்லு.” நான் வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள். “அம்ம பேசும் மாமி.”

வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. யார் என்னைக் கேட்காமல் சிங்கப்பூருக்கு அனுப்பியது என்று கேட்டேன். அப்போதுதான் மெல்ல மெல்ல வெளியே வந்தது. கேட்கக் கேட்க எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது.

விஷயம் தொடங்கியது என் ஓட்டலில்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், ஒரே மாதிரித் தொப்பி போட்ட டூர் கூட்டம் ஒன்று உள்ளே வந்தது. நான் அடுக்களையில் நின்றேன். வெளியே ஒரு குரல், “எலே மக்கா, பொறோட்டா உண்டாண்ணு கேளு” என்றது. நாள் முழுக்க இந்தியும் குஜராத்தியும் கேட்டுப் புளித்த காது. நம் பேச்சைக் கேட்டால் சும்மா இருக்க முடியுமா? எண்ணெய்க் கையோடு வெளியே ஓடிவந்து, “எந்தூரு மக்கா நீங்க?” என்று கேட்டேன். கேட்டதுதான் தாமதம், அத்தனை முகமும் வெளிறிவிட்டது. அதில் ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். உதியன்குளங்கரையில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கிறவர், எங்கள் சபைக்காரர்தான். மேலெல்லாம் கிளிப்படம் போட்ட சட்டை. வீட்டில் கோயம்புத்தூருக்கு மெஷின் பார்க்கப் போவதாய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. ஐந்து நிமிடத்தில் கூட்டம் முழுக்கச் சிட்டாய்ப் பறந்துவிட்டது. பக்கத்துக் கடையில் மீன் சுடும் தாய்லாந்துக்காரியும் நானும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

சிரித்தது மட்டும்தான் நான் செய்தது. ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் அந்த மனுஷனுக்குப் பயம். நான் சொல்லுமுன் தான் சொல்லிவிட வேண்டும் என்று ஊருக்கு வந்ததும் சாயாக்கடையில் ஒரு கதையை எடுத்து விட்டிருக்கிறார். தன் கூட்டுக்காரன் ஒருவன் என்னை அங்கே கண்டானாம். “பட்டாயாலயாக்கும் ஜோலி. அங்க என்ன ஜோலி இருக்கும்ணு நான் சொல்லணுமா?” கடையில் ஒரே சிரிப்பாம். அந்தக் கூட்டுக்காரன் அங்கே என்ன செய்துகொண்டிருந்தான் என்று ஒருத்தனுக்காவது கேட்கத் தோன்றியதா? இல்லை. அங்கே போய்விட்டு வந்தவன் வெள்ளை வேட்டி. அங்கே அடுப்பில் நின்றவளுக்குத்தான் அழுக்கு.

அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் சாயாக்கடைப் பக்கம் போவதை நிறுத்திவிட்டார். நெய்யாற்றின்கரையில் கல்லூரியில் படிக்கும் மகளிடமும், அம்மாவுக்குப் பட்டாயாவில் என்ன வேலை என்று பையன்கள் கண்ணடித்துக் கேட்டிருக்கிறார்கள். ஒருநாள் தாங்கமாட்டாமல் அவள், “அம்ம இப்ப சிங்கப்பூருக்கு மாறிட்டு” என்று சொல்லிவிட்டாள். அவள் அப்பா அதைக் கெட்டியாய்ப் பிடித்துக்கொண்டார். விசா இல்லாமல், டிக்கெட் இல்லாமல் நான் நாடு மாறிவிட்டேன்.

“உனக்கென்ன, நீ அங்க இருக்க. நானல்லவா இஞ்ச நாலுபேரு முகத்துல முழிக்கணும்” என்றார் வீட்டுக்காரர்.

“அப்ப என் ஜோலி உங்களுக்கு நாணக்கேடா? சொல்லுங்க. நான் அங்க என்ன செய்யேன்ணு உங்களுக்குத் தெரியாதா?”

“எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியுமா?”

மகள் அழுதாள். “பட்டாயாண்ணு சொன்ன ஒடனே சிரிக்கானுவம்மா. பொறவு நான் அடுக்களைண்ணு சொன்னா எவன் கேக்கான்?” அழுதுகொண்டே என் கையைப் பிடித்தாள். “சனிக்கிழமை நீ உள்ளதைச் சொன்னா, பின்ன நான் அந்த சர்ச்சுக்கே வரமாட்டேன். உன்கூடப் பேசவும் மாட்டேன். சத்தியமாட்டு.”

எனக்கு இருப்பது ஒரே பெண். அவள் பேசமாட்டேன் என்றால் நான் கடலுக்கு அந்தப் பக்கம் யாருக்காக நின்று வேகிறேன்? சரி, தொலையட்டும் என்று ஒத்துக்கொண்டேன். அவளே சிங்கப்பூரைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தாள். வாயிலிருந்து தண்ணீர் துப்பும் சிங்கச் சிலை, ராத்திரி திறந்திருக்கும் மிருகக்காட்சி சாலை, ஆகாயத்தில் நீச்சல்குளம். துணி காயப்போடும்போதும் மீன் கழுவும்போதும் நான் சிங்கப்பூரை மனப்பாடம் செய்தேன். சிங்கம் துப்பினால் ஃபைன் கிடையாதா என்று கேட்டதற்கு மகள் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை ஹால் நிரம்பியிருந்தது. ஒற்றசேகரமங்கலத்துச் சபையிலிருந்துகூடப் பெண்கள் வந்திருந்தார்கள். முன்வரிசையில் அந்த ரப்பர் வியாபாரியின் மனைவி. கடைசி வரிசையில் கதவை ஒட்டி என் மகள். நான் எழுந்து நிற்கிறேன், சிங்கச் சிலை நாக்கு நுனியில் நிற்கிறது. தலைவி என்னை அறிமுகப்படுத்தினாள். “கண்ட கண்ட எடத்துக்கும் போய்ச் சீரழியாம, நம்ம சகோதரியைக் கடவுள் ஒரு சுத்தமான ஊருல கொண்டு வச்சாரு. அதுக்கு நாம ஸ்தோத்திரம் சொல்லணும்.”

சுத்தமான ஊர். அந்தச் சொல் என்னைச் சுட்டது.

போன மழைக்காலத்தில் எனக்கு டெங்கு வந்து எலும்பெல்லாம் நொறுங்கியபோது, ஆஸ்பத்திரியில் என் தலைமாட்டில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டியது யார்? பக்கத்துக் கடை மீன்காரி. அவளுக்கும் எனக்கும் பொதுவாய் முப்பது வார்த்தைகூடக் கிடையாது. அவளோடு மாறி மாறி உட்கார்ந்தது, ராத்திரி பாரில் வேலை செய்யும் ஒரு பெண். நான் இங்கே நின்று சிங்கப்பூர் என்று சொன்னால் அந்த இரண்டு பேரும் உலகத்திலேயே இல்லை என்று ஆகிவிடாதா? எனக்குச் சோறு ஊட்டிய கையை நான் எதற்கு மறைக்க வேண்டும்? என்ன பயம் எனக்கு?

“நான் சிங்கப்பூரைக் கண்டதில்ல” என்றேன். “எனக்கு ஜோலி பட்டாயாலயாக்கும். அன்னைக்கும் அங்கதான், இன்னைக்கும் அங்கதான்.”

நாற்காலிகள் கிரீச்சிட்டன. தலைவியின் சிரிப்பு முகத்திலேயே உறைந்துவிட்டது. கடைசி வரிசையில் மகள் எழுந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியே போனாள். அந்த நிமிடம் பின்னாலேயே ஓடிவிடலாமா என்று இருந்தது. ஆனால் தொடங்கியாகிவிட்டது, இனி பாதியில் நிறுத்தினால் அது பொய்யைவிடக் கேவலம்.

அதனால் சொன்னேன். காலையில் எங்கள் கடல் எப்படிப் படுத்துக் கிடக்கும், தீவுக்குப் போகும் படகில் டூருக்கு வரும் நம் ஊர்ப் பெண்கள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு எப்படி பைபிள் சங்கீதம் சொல்வார்கள் என்று சொன்னேன். குன்றின்மேல் ஏறி நின்றால் கரை முழுக்க அரிவாள் மாதிரி வளைந்து தெரியும். லீவு நாளில் பெஞ்சு போட்ட டெம்போவில் ஏறிப் பெரிய புத்தர் சிலையைப் பார்க்கப் போவேன், இறங்க வேண்டுமானால் பெல்லை அமுக்கினால் போதும். சாயங்காலமானால் ஒரு தெருவில் வண்டி விடமாட்டார்கள். ஒவ்வொரு வாசலிலும் ஒவ்வொரு பாட்டு, காது கிழியும். ஆண்களாய்ப் பிறந்து பெண்களாய் வாழ்கிறவர்கள் ஆடும் பெரிய மேடை உண்டு, பிள்ளைகுட்டிகளோடு குடும்பமாய் வந்து கைதட்டுவார்கள். நானும் போய்க் கைதட்டினேன் என்றேன். எங்கள் போதகர் அச்சனின் மனைவி குனிந்து சேலையைச் சரிசெய்தாள்.

“அங்கேயும் ஞாயித்துக்கெழமை ஆராதனை உண்டு” என்றேன். “பிலிப்பைன்ஸ்காரி ஒருத்தி, சனிக்கிழமை ராத்திரி பாருல பாடுவா. காலைல கண்ணு செவந்து சர்ச்சில வந்து நின்னு பாடுவா. அவ பாடுனா நம்ம கொயர் வெளியே நிக்கணும்.” இங்கே கொஞ்சம் அதிகப்படியாய்ப் போய்விட்டேன், கொயரில் இருப்பவர்களுக்கு மூஞ்சி தூக்கிவிட்டது. போகட்டும்.

“பாருல ஜோலி பாக்குற பிள்ளைங்க மத்தியானம் என் அடுக்களைக்கு வருவாவ. நம்ம மரச்சீனிக் கெழங்கும் மீன்கறியும் தின்னுறது மாதிரி, பசைச்சோத்தை வெரலால உருட்டி மீன் சம்மந்தித் தொவையல்ல தொட்டுத் தின்னுவாவ. ஒவ்வொருத்திக்கும் ஊருல ஒரு பிள்ளை, அதைப் பாக்க ஒரு அம்ம. அதுல யாரையும் நான் இஞ்ச ஒளிச்சு வைக்கப்போறதில்ல. நான் அடுக்களையில ஜோலி பாக்கேன். பாருல ஜோலி பாத்திருந்தாலும் இஞ்ச வந்து நின்னு அதைத்தான் சொல்லியிருப்பேன்.”

அப்போது முன்வரிசையிலிருந்து ரப்பர் வியாபாரியின் மனைவி கேட்டாள், குரலை உயர்த்தாமல். “அக்கா, நம்ம ஊருல உள்ள ஆம்பிளைங்க யாராவது அங்க வருவாவளா?”

அவளுக்குப் பாதி தெரிந்திருந்தது. பேரைச் சொல்லிவிடலாம். சொன்னால் அந்த மனுஷன் தொலைந்தான். ஆனால் அவன் செய்ததையே நானும் செய்தால் எனக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்?

“வருவாவ மக்களே” என்றேன். “யாரு எவருண்ணு நான் சொல்லமாட்டேன், நான் சோறு போடுறவ. ஆனா ஒண்ணு. அவுங்க எந்த ஊருக்குப் போறேண்ணு வீட்டுல சொல்லிட்டு வாறாவளோ, அந்த ஊரெல்லாம் பட்டாயாலதான் இருக்கு.”

ஒற்றசேகரமங்கலத்துக்காரி ஒருத்தி களுக்கென்று சிரித்தாள், ஹால் முழுக்கப் பிடித்துக்கொண்டது. தலைவிகூட வாயைப் பொத்திக்கொண்டாள். வியாபாரியின் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. என்னை நேராய்ப் பார்த்து, மெல்லத் தலையை ஆட்டினாள். அதன்பிறகு அங்கே மரச்சீனி கிடைக்குமா, குடம்புளிக்கு என்ன செய்வாய் என்று ஆளாளுக்குக் கேள்வி.

எனக்குப் பதில் சொல்லும் பொறுமை இல்லை. மகள் எங்கே என்று படியிறங்கி ஓடினேன்.

அவள் சர்ச் கேட் அருகே நின்றாள், முகம் அழுது வீங்கியிருந்தது. மனைவியைக் கூட்டிப்போக வந்த ரப்பர் வியாபாரி பைக்கில் சாய்ந்தபடி அவளைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். யாரோ உள்ளேயிருந்து ஃபோனில் சொல்லியிருக்க வேண்டும்.

“அப்ப அம்ம சிங்கப்பூரு இல்லியா மக்களே? பட்டாயாலயாக்கும்?”

நான் நடுவில் பாய்வதற்குள் மகள் நிமிர்ந்தாள்.

“ஆமா, பட்டாயாலதான். அடுக்களையில. ஆறு வருஷமாட்டு. இன்னும் என்ன தெரியணும் மாமா உங்களுக்கு? சத்தமாட்டுக் கேளுங்க, எல்லாரும் கேக்கட்டு.”

அவர் சட்டைப்பையில் பைக் சாவியைத் துழாவினார். எனக்குப் பின்னால் அவர் மனைவி வந்து நின்றிருந்தாள். “நீங்க வண்டியை எடுங்க” என்றாள். “எனக்குக் கேக்க உண்டு. வீட்டுல போயிக் கேட்டுக்கிடுறேன்.”

நாங்கள் ரோட்டுக்கு வந்தோம். மகள் எனக்கு ஓரடி முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். கொஞ்ச தூரம் போனதும் திரும்பாமலேயே சொன்னாள்.

“எனக்கு உன்மேல உள்ள கோவம் போகல்ல.”

“போகண்டாம், கோவமாவே இரி” என்றேன். “ஆனா ஏன் கோவம்ணு எவனாவது கேட்டா, ஊரு பேரைச் சேத்துச் சொல்லு.”