மேட்டடோரில் ஏறிய பாய்மரம்

போன சித்திரையில் அடித்த புயலில் எங்கள் படகின் பாய்மரம் வளைந்து போனது. படகு என்றால் இரண்டு பேர் உட்காரும் சின்னப் பாய்ப்படகு. துறைமுகத்தில் வேலையில் இருந்த காலத்திலேயே வாங்கி, ஞாயிறு தவறாமல் கங்கையில் ஓட்டிக்கொண்டிருந்தார் என் வீட்டுக்காரர். எனக்கு அது சக்களத்தி. ஒழிந்தது சனியன் என்று சந்தோஷப்பட்டிருப்பேன். ஆனால் அவருக்குக் கைநடுக்கம் வந்திருந்தது. இந்தக் குளிர்காலம் ஓட்டலாம், அதற்குப் பிறகு என்னைக் கேட்காதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த ஒரு குளிர்காலத்துக்கு ஒரு பாய்மரம் வேண்டும்.

அந்த மாதிரிப் படகை இப்போது யாரும் செய்வதில்லை. அதே புயலில் உடைந்த படகுகளை ஹவுரா பக்கம் ஒரு கிடங்கில் ஏலம் விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனோம். அதில் ஒன்று எங்கள் படகு மாதிரியேதான், அச்சு அசல். அடிப்பாகம் பிளந்து கிடந்தது. அலுமினியப் பாய்மரம் மட்டும் ஒரு கோணல் இல்லாமல் நேராக இருந்தது. அவர் அதைத் தடவிப் பார்த்த அழகைப் பார்க்கணுமே! பெண் பார்க்க வந்தபோதுகூட என்னை அப்படிப் பார்க்கவில்லை.

ஏலம் அவருக்கே விழுந்தது. வாங்கியவர் உடைசல் முழுவதையும் ஒரே தடவையில் எடுத்துப் போக வேண்டும் என்பது கிடங்கு வழக்கம். மேட்டடோர் வண்டி கொண்டுபோனோம். பாய்மரத்தை மேலே நீளவாக்கில் கட்டிக்கொள்ளலாம் என்று கயிறும் எடுத்து வந்திருந்தார். "எல்லாத்தையும் ஏத்துங்கப்பா" என்று ஏற்றுக்கூலிகளிடம் வங்காளத்தில் சொல்லிவிட்டு, கேட் பாஸ் வாங்க என்னையும் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குள் போனார்.

திரும்பி வந்தால் வண்டியின் பின்கதவு மூடியிருக்கிறது. "சிந்தா நேய், பௌதி!" என்று சிரிக்கிறான் ஒருவன். அண்ணிக்குக் கவலையே வேண்டாமாம், எல்லாம் உள்ளேயே அடங்கிவிட்டதாம். அங்கே வருகிறவர்கள் எல்லாரும் உருக்குவதற்குத்தான் வாங்குகிறார்கள். நீளமாக இருப்பதை வண்டிக்கு அளவாக அறுத்துக் கொடுப்பது கூலிகள் செய்யும் உபகாரம். பாய்மரம் மூன்று துண்டாகக் கிடந்தது.

"அட பாவி!" என்று கத்தினேன். ஆனால் யாரைத் திட்டுவது? வியர்வை வழிய நிற்கிறான், நல்லது செய்துவிட்ட முகத்தோடு. அறுக்காதே என்று நாங்கள்தான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் அவன் தோளைத் தட்டி, "பாலோ, பாலோ", நல்லது நல்லது என்றார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

வண்டியில் துண்டுகளோடு பின்னால்தான் உட்காருவேன் என்றார். நானும் ஏறிக்கொண்டேன். பாலம் தாண்டியதும் ஒரு துண்டை மடியில் இழுத்து வைத்து, அறுத்த விளிம்பில் விரலை ஓட்டினார். விரல் நிலையாக நிற்கவில்லை.

"கை நடுங்காம அறுத்திருக்கான் பாரு" என்றார்.