சுத்தமான மூன்று குப்பிகள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்த்தபோது, நான் தனியாக ஓர் ஆராய்ச்சியும் செய்துவந்தேன். சில ஆண்களுக்கு மூத்திரப்பை முழுக்கக் காலியாகாது. அதே சமயத்தில் தாம்பத்திய சக்தியும் போயிருக்கும். இரண்டும் ஏன் சேர்ந்து வருகின்றன என்று பார்ப்பதுதான் என் வேலை. வந்தவர்களில் பலருக்கு மூல காரணம் தகாத உறவில் தொற்றும் மேக வியாதி. கேட்டால் ஒருவரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அதனால், வாயால் சொல்வது எதையும் நம்பாமல் இருப்பது எனக்குப் பழகிவிட்டது.

வலியசாலை அக்ரஹாரத்திலிருந்து ஒருவர் வந்தார். நாற்பது வயது இருக்கும். அரசாங்கக் கச்சேரியில் குமாஸ்தா. மூத்திரம் முக்கி முக்கித்தான் வருகிறது என்றார். நடக்கும்போது காலடியில் பஞ்சு வைத்த மாதிரி இருக்கிறதாம். மற்ற விஷயத்தைக் கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டார். முழங்காலைத் தட்டிப் பார்த்தேன், கால் அசையவில்லை. மேக வியாதி முதுகுத்தண்டுக்குப் போனால் அப்படித்தான் இருக்கும்.

"வெளியில பழக்கம் ஏதாவது உண்டா?" என்று கேட்டேன்.

"சிவ சிவா! நான் அப்படிப்பட்டவன் இல்லே, டாக்டர்."

எல்லோரும் சொல்வதுதானே என்று நினைத்தேன்.

ரப்பர் குழாய் வைத்து மூத்திரம் எடுக்கலாம் என்றால் சம்மதிக்கவில்லை. இங்கேயே இருந்து கொடுங்கள் என்றாலும், "வீட்டுலேர்ந்து கொண்டுவந்துடறேனே" என்றார். மூன்று வாரம், வாரத்துக்கு ஒரு காலையில் குப்பி கொண்டுவந்தார். மூன்றிலும் சர்க்கரை இல்லை, சீழ் இல்லை. ரத்தப் பரிசோதனையிலும் மேக வியாதி தெரியவில்லை. அந்தப் பரிசோதனை சில சமயம் பொய்க்கும். அதனால் அவர்மேல் எனக்கிருந்த சந்தேகம் குறையவில்லை. குழாய்க்கு ஏன் இப்படிப் பயப்படுகிறார், எதை மறைக்கிறார் என்றுதான் ஓடியது மனசு.

"உங்க சம்சாரத்தை அழைச்சுட்டு வாங்க. அவங்க ரத்தத்தையும் பார்க்கணும்" என்றேன்.

முகம் வெளுத்துப்போய் எழுந்தவர், அதற்குப் பிறகு வரவில்லை.

இரண்டு வாரம் பொறுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே அவர் வீட்டுக்குப் போனேன். அக்கறையில் போனதாகச் சொல்ல முடியாது. பொய்யைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் போனேன். அவர் வாசல் அறையில் பாய் விரித்து உட்காரச் சொன்னார். மனைவி கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். புடவைத் தலைப்பு மட்டும் தெரிந்தது. அந்த வீட்டில் இருவருக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது என்று உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே புரிந்தது. தண்ணீர்ச் செம்பைக்கூட அவர் கையில் கொடுக்காமல் தரையில் வைத்துவிட்டுப் போனாள்.

"ரத்தம் சுத்தமா இருக்கு. மூத்திரமும் சுத்தமா இருக்கு. அப்போ நீங்க சொல்லாம வச்சிருக்கிற விஷயம் ஒண்ணு இருக்கணும்" என்றேன்.

கதவுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

"சுத்தமாத்தான் இருக்கும். அது அவரோடது இல்லே, என்னோடது."

எனக்குப் புரியவே சில நொடி ஆயிற்று.

"குப்பியை வச்சுண்டு அரை மணி நேரம் உக்காந்திருப்பார். ஒரு சொட்டு வராது. கச்சேரிக்கு நாழியாயிடும். வெறுங்குப்பியோட போனா மானக்கேடுன்னு எங்கிட்ட கெஞ்சினார். மூணு தடவையும் நான்தான் கொடுத்தேன்."

அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். நான் கதவுப் பக்கம் திரும்பி, அவருக்குத் தாகம் அதிகம் உண்டா என்று கேட்டேன்.

"கூஜா கூஜாவா குடிக்கறார். வேஷ்டில சொட்டு பட்ட எடம் கஞ்சி போட்டாப்ல வெறைச்சுப் போறது. தோய்க்கப் போட்டா எறும்பு மொய்க்கறது."

அவருக்கே மூத்திரம் வரும்வரை காத்திருந்து, குப்பியோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சர்க்கரை இருந்தால் நிறம் மாறும் நீல மருந்தில் கலந்து காய்ச்சினேன். செங்கல் நிறமாகிவிட்டது. நீரிழிவு. நரம்புகளை அதுதான் தின்றிருந்தது.

அன்றைக்கே ஆளனுப்பி அவரை வரவழைத்துச் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "இது மேக வியாதி இல்லேன்னு எழுதித் தருவேளா? அவகிட்ட காட்டணும்" என்று மட்டும் கேட்டார். எழுதிக் கொடுத்தேன்.

இன்சுலின் ஊசி ஆரம்பித்தோம். வேளை தவறாமல் மூத்திரம் போக உட்காரப் பழக்கினேன். சில மாதங்களில் மூத்திரம் ஓரளவு சீரானது. மற்றது திரும்பவில்லை. இனித் திரும்புவது கஷ்டம் என்று அவரிடம் மறைக்காமல் சொன்னேன். "அதை அவகிட்ட நீங்களே சொல்லிடுங்கோ" என்றார்.

அடுத்த தடவை அவளும் வந்திருந்தாள். தயங்கித் தயங்கிச் சொல்லி முடித்தேன். முதல்முறையாக என்னை நேராகப் பார்த்தாள்.

"அது எனக்குத் தெரியாதா? மூணு வருஷமா இப்படித்தான், தாகம் வந்ததும் அப்போதான். ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீங்க எங்கிட்ட ரத்தத்தைன்னா கேட்டேள்."

அடுத்த மாத மருந்துக்குச் சீட்டு எழுதி நீட்டினேன். அவளே வாங்கிக்கொண்டாள்.