காதுகுத்து அன்று விழுந்த கல்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்கிறேன். தோல் பதனிடும் வாடை வீசும் தெருவில் நின்றுகொண்டே டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிடுவேன். எனக்கு எதுவும் எளிதில் குமட்டாது. குமட்டியது என் சொந்த அண்ணன் வீட்டில்தான்.

நாட்றம்பள்ளியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். ஊருக்குப் பின்னால் இருந்த குன்றில் பாதியைக் கல் குவாரி தின்றுவிட்டது. வெடி வைத்தால் அலமாரிப் பாத்திரம் உருளும். விரிசல் விடாத சுவர் கிடையாது. இதை எதிர்த்து முதலில் கிளம்பியவன் என் அண்ணன். ஊரைத் திரட்டிக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்குப் போனான், லாரி முன்னால் படுத்தான், போலீஸ் வேனில் ஏறினான். கம்பெனியில் நான் அவனைப் பற்றிப் பெருமை பேசாத நாளில்லை.

போன வருஷம் அவன் மகளுக்குக் காதுகுத்து. அன்றைக்கு வெடி வைக்கமாட்டோம் என்று குவாரி சூப்பர்வைசர் வாக்குக் கொடுத்திருந்தார். பக்கத்துக் காலி மனையில் பந்தல். சமையலுக்கு எங்கள் தெரு அக்கா வந்திருந்தாள். சொந்தமில்லை, ஆனால் ஊரில் எந்த விசேஷத்துக்கும் அவள்தான் சமைப்பாள்.

குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்தபோது குவாரியில் வெடி வெடித்தது. தேங்காய் அளவுக் கல் ஒன்று பந்தல் துணியைக் கிழித்துக்கொண்டு வந்து, கொதிக்கிற ரசத்தில் விழுந்தது. அண்டாவுக்கு முன்னால் நின்றிருந்த அக்காவின் மார்பிலும் வலது கையிலும் ரசம் கொட்டியது. அவள் அலறியது இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆம்பளைகள் குவாரிக்கு ஓடினார்கள். அண்ணன் முன்னால் ஓடினான். நான் அக்காவை வேனில் ஏற்றி வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது அண்ணன் போன் செய்தான்.

“டாக்டர் கேட்டா, ரசம் எறக்கும்போது கை தவறிடுச்சுன்னு சொல்லு. குவாரி பேச்சே வேணாம்.”

“இன்னா சொல்ற நீ? கல்லு விழுந்தத ஊரே பாத்துச்சு.”

“பேசி முடிச்சாச்சும்மா. நீ பேஜார் பண்ணாத.”

அவன் குரலுக்குப் பின்னால் தட்டுச் சத்தமும் சிரிப்பும் கேட்டன. குவாரிக்காரர்கள் ஓட்டலிலிருந்து பிரியாணி வரவழைத்திருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. கிழிந்த அதே பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து ஊர் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

டாக்டரிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். அக்காவும் முனகிக்கொண்டே, “கல்லுதான் சார், குவாரிக் கல்லு” என்றாள்.

மறுநாள் ஊருக்குத் திரும்பினேன். அண்ணன் மகளின் காதில் புதுத் தோடு மின்னியது. நாங்கள் வாங்கியது இல்லை. சூப்பர்வைசர் குழந்தையைத் தூக்கி வைத்திருக்கும் போட்டோவை அண்ணி செல்போனில் காட்டினாள். அண்ணன் பல் குத்திக்கொண்டே சொன்னான்.

“கோயிலுக்கு மண்டபம் கட்டித் தர்றாங்க. நம்ம டிராக்டரையும் வேலைக்கு எடுத்துக்கறாங்க. ஊருக்காகத்தான் பேசினேன்.”

“அந்தக்கா?”

“அதுக்கும் எதனா செய்வாங்க.”

மிச்சமிருந்த பிரியாணியைச் சூடு பண்ணி அண்ணி என் முன்னால் வைத்தாள். அந்த மசாலா வாசனை மூக்கில் ஏறியது. கொல்லைக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். “மசக்கையா?” என்று பின்னாலேயே வந்து கேட்டாள் அண்ணி. அவள் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் வாயைக் கழுவிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

போலீஸ் விசாரணைக்கு வந்தபோது கல்லைப் பார்த்ததாக ஊரில் ஒருவரும் சொல்லவில்லை. லாரி முன்னால் என் அண்ணனோடு படுத்தவர்கள்கூட, “அண்டா சாஞ்சிடுச்சு சார்” என்றார்கள். எதனா செய்வார்கள் என்றானே, யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அக்காவின் வலது கை விரல்கள் ஒட்டிக்கொண்டு மடங்கவில்லை. இப்போது அவளை யாரும் சமையலுக்குக் கூப்பிடுவதில்லை.

போன திங்கட்கிழமை கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, மனு கொடுக்க அவளோடு கலெக்டர் ஆபீசுக்குப் போனேன். வாசலில் அண்ணன் நின்றிருந்தான், சூப்பர்வைசரோடு டீ குடித்துக்கொண்டு. எங்களைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். நாங்கள் உள்ளே போய் வரிசையில் நின்றோம்.