அவள் மாத்திரையும் மாப்பிள்ளை பல்லும்

என் தங்கை மகள் பஸ் கண்டக்டர். அவள் அப்பா வழியில் எல்லோருக்குமே வெண்கலத் தொண்டை. இவள் குரல் கொடுத்தால் கடைசி சீட்டில் தூங்குகிறவனும் சில்லறையை எடுத்து நீட்டுவான். அப்பேர்ப்பட்டவள், வயிற்றைக் கிழித்துப் பிள்ளை எடுத்து வீட்டுக்கு வந்த பிறகு, தும்மல் வந்தால்கூடத் தலையணையை வயிற்றில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடிக்கொள்கிறாள்.

நான் பார்க்கப் போனபோது பிள்ளை பாலுக்குக் கத்திக்கொண்டிருந்தது. தூக்கி மடியில் வைத்தால் தையல் சுண்டி இழுக்கிறதாம். சரியாகக் குடிக்காமல் பாலும் குறைந்துகொண்டே வந்தது. புட்டிப்பாலுக்கு மாற்றிவிடலாம் என்று மாமியார் பேச ஆரம்பித்திருந்தார். அதைச் சொல்லும்போதே இவளுக்குக் கண் கலங்கியது.

"ஆஸ்பத்திரியில மாத்திரை கொடுக்கலையாடி?" என்று கேட்டேன்.

கொடுத்திருக்கிறார்கள். அல்சர் உண்டா, கிட்னியில் கோளாறு உண்டா என்றெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் வலியையும் வீக்கத்தையும் அடக்குகிற மாத்திரையை நர்ஸ் கொடுத்தாராம். வலி முற்றும்வரை காத்திருக்காதே, சாப்பிட்டதும் வேளாவேளைக்குப் போடு, பாலில் சேருவது ரொம்பக் கொஞ்சம், பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லித்தான் அனுப்பினாராம். வீட்டுக்கு வந்ததும் மாமியார் அதை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். பாலில் விஷம் இறங்குமாம். பார்க்க வந்தவர்களிடமெல்லாம், என் மருமகள் மாத்திரையே இல்லாமல் தாங்குகிறாள் என்று பெருமை வேறு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அலமாரியைத் திறக்கச் சொன்னேன். சம்பந்தியம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திறந்தார். அட்டையில் பாதிக்குமேல் காலி.

"யாரு சாப்பிட்டது?"

"உங்க மாப்பிள்ளைக்குப் பல்வலிங்க. துடிச்சுப்போயிட்டான். பெத்த புள்ளை கஷ்டப்படறதை எப்படிங்க பாத்துட்டிருக்கிறது?"

மாப்பிள்ளை தாடையில் கை வைத்தபடி வாசற்படியில் நின்றார். ஒரு பல்லுக்கு மாத்திரை. அறுத்துத் தைத்த வயிற்றுக்கு வெறும் பெருமை. இது எந்த ஊர் நியாயம்?

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே பேசினாள். சத்தம் போட வயிறு விடாது, மெல்லத்தான் சொன்னாள்.

"அத்தை, உங்க புள்ளைக்கு வலிச்சா உங்களுக்குத் தாங்கலை. என் புள்ளைக்குப் பசிச்சா எனக்கு மட்டும் தாங்குமா? கொடுங்க."

சம்பந்தியம்மா அட்டையை நீட்டினார். சோறு சாப்பிட்டு மாத்திரை போட்டாள். வலி மட்டுப்பட்டதும் முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்கார வைத்தேன், பிள்ளை பிடித்துக்கொண்டது.

மாப்பிள்ளையைப் பல் டாக்டரிடம் போகச் சொன்னேன். செருப்பை மாட்டியவர் திரும்பி வந்து, வழியில் வலித்தால் என்ன செய்வது, அதில் ஒன்று கிடைக்குமா என்று கேட்டார். அதைத்தான் இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.